மாயக்கதைகளும் வகுப்பறை ஓவியமும்

மாயக்கதை சார்ந்த ஓவியப் பயிற்சி என்பது, சிறார் மாயக்கதைகளில் வரும் விநோத உயிர்கள், நிலங்கள், பொருள்கள் ஆகியவற்றை மாணவர்கள் தாமே வரைந்தும் வெட்டி ஒட்டியும் உருவாக்குவது. கதையை வாசித்துக் காட்டிவிட்டு, நூலிலுள்ள படங்களைக் கடைசியில் காட்டுவதே இதன் உயிர்நாடி. படத்தை முதலில் பார்த்த குழந்தை அதையே நகலெடுக்கும். சொற்களை மட்டும் கேட்ட குழந்தை தானே உருவம் தேடும்.

இதற்கு லூயிஸ் கரோல் நல்ல தொடக்கம். 1871-இல் வெளியான 'த்ரூ த லுக்கிங் கிளாஸ்' நூலின் ஒரு பாடலில் வரும் ஜாபர்வாக் என்ற கொடிய விலங்கைப் பற்றி, தாடை, நகம், கண் எனச் சில குறிப்புகளே அப்பாடலில் உண்டு. மற்றதெல்லாம் வரைபவரின் உரிமை.

மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) பக்க அமைப்பையே பாடமாக்கும். வெள்ளை விளிம்புக்குள் சிறிதாகத் தொடங்கும் படம், சிறுவன் மேக்ஸின் கற்பனையோடு வளர்ந்து, எழுத்தே இல்லாத மூன்று இரட்டைப் பக்கங்களை நிறைக்கிறது, பிறகு சுருங்குகிறது. மாணவர்களும் ஒரே காட்சியை அஞ்சலட்டை, நோட்டுத்தாள், சார்ட் அட்டை என வளரும் அளவுகளில் வரையலாம். தம் வீட்டுக்கு வந்துபோன உறவினர்களின் முகங்களிலிருந்தே கதையில் வரும் பூதங்கள் பிறந்ததாகச் செண்டாக் கூறியிருக்கிறார். தெரிந்த முகத்தின் புருவத்தையும் பல்லையும் பெரிதாக்கிக் கொம்பு சேர்ப்பது இதையொட்டிய பயிற்சி.

வரைபடப் பயிற்சிக்கு டோல்கீனின் 'தி ஹாபிட்' (1937) ஏற்றது. கதையில் வரும் குள்ளர் அரசன் த்ரோரின் பெயரில் அவரே வரைந்த வரைபடத்தில் மேற்புறம் இருப்பது கிழக்கு. அதிலுள்ள நிலவெழுத்துகள், அதாவது கதையில் நிலவொளியில் மட்டும் தெரியும் ரகசிய எழுத்துகள், தாளை வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரியவேண்டும் என்று விரும்பினார். அச்சில் அது கைகூடவில்லை.

வகுப்பறையில் இப்படி மறைந்து தெரியும் எழுத்தை உருவாக்க மெழுகுவத்தியே போதும். தேயிலைச் சாயத்தில் நனைத்து உலர்த்திய தாளில் வரைபடத்தை வரைந்து, ரகசியச் செய்தியை மெழுகால் எழுதவேண்டும். மேலே நீலநிற நீர்வண்ணத்தைத் தீட்டினால், மெழுகு நீரை ஒட்டவிடாததால் எழுத்துகள் மட்டும் வெளிறித் தெரியும்.

எல்லாரும் வரைந்து முடித்தபின் நூற்படங்களுக்கு வேளை வருகிறது. கரோலின் நூலுக்கு ஓவியர் ஜான் டென்னியல் வரைந்த ஜாபர்வாக்குக்குச் சிறகும் நீண்ட கழுத்தும் மட்டுமல்ல, கையில்லாத மேற்சட்டையும் உண்டு. அதை வகுப்பின் ஓவியங்களோடு ஒரே சுவரில் மாட்டி, பாடல் சொன்னது எது, ஓவியர் சேர்த்தது எது என்று மாணவர்களையே பிரித்துக் காட்டச் சொல்லலாம்.