கடல்மீன் அட்டை

கடல்மீன்களின் தோல், துடுப்பு, செவுள் ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்து வாழும் அட்டை வகை. பிசிகோலிடே குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழில் 'கடல் அட்டை' என்று வழங்குவது வேறு உயிரினம். மன்னார் வளைகுடாவிலும் யாழ்ப்பாணக் கடலிலும் காணப்படும் அது நட்சத்திர மீனுக்கு உறவு. மணலோடு கலந்த மக்கிய பொருள்களே அதன் உணவு. இரண்டையும் குழப்பக் கூடாது.

வால்பாறைக்குப் போய் அட்டைக்கடி வாங்கியவர்கள் அறிந்த காட்டு அட்டைக்குத் தாடை உண்டு. தோலை அறுத்துக் குடிக்கும். மீன் அட்டைக்குத் தாடை இல்லை. பின்பக்க உறிஞ்சியால் மீனைப் பற்றிக்கொண்டு, வாயிலிருந்து மெல்லிய குழலை நீட்டிச் சதைக்குள் செலுத்துகிறது.

குளிர்கடல்களில் இக்குடும்பத்து இனங்கள் மிகுதி. வட அட்லாண்டிக்கில் காட் மீனைக் கடிக்கும் யோஹான்சோனியா ஆர்க்டிகா, டிரிப்பனோசோமா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியையும் அதன் இரத்தத்தில் சேர்க்கிறது. வயிறு நிறைந்ததும் மீனை விட்டிறங்கி, நண்டுகளின் ஓட்டில் முட்டைக்கூடுகளை ஒட்டிவைக்கிறது.

நம் பக்கத்துக் கடலுக்குரிய இனம் ஜெய்லானிகோப்டெல்லா அறுகாமென்சிஸ். இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலுக்கு அருகே உள்ள அறுகம் களப்பில் கிடைத்த இதை பி. எச். டி. எச். டி சில்வா 1963இல் புதிய இனமாக விவரித்தார். பெயரில் இலங்கையும் இருக்கிறது, அறுகமும் இருக்கிறது. 'ப்டெல்லா' என்பது அட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள இந்த அட்டைதான் பின்னாளில் மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளில் கலவா, கொடுவா வளர்ப்போருக்குப் பெருந்தொல்லையானது.

காரணம் நெருக்கடி. திறந்த கடலில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு அட்டைக்கு மீன் அகப்படுவது அரிது. கூண்டிலும் தொட்டியிலும் நூற்றுக்கணக்கான மீன்கள் உரசிக்கொண்டு நீந்துகின்றன. வெப்பமும் துணை செய்கிறது: 27 டிகிரி செல்சியஸ் நீரில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை 16, 17 நாள்களே ஆகின்றன. அட்டை மொய்த்த மீனுக்கு இரத்தம் குறையும், துடுப்பு அரிக்கப்படும், கடிவாயில் பாக்டீரியா புகும். குஞ்சு மீன்கள் கூட்டமாக மடியும்.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வித்தது. மண்டபத்தில் கூண்டு வளர்ப்பும் வந்துவிட்டது. ஆகவே இந்த அட்டையைத் தமிழக மீன்வளர்ப்போர் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

கொடுவா ஆற்றுநீரிலும் கடல்நீரிலும் வாழக்கூடியது. அதனால் நன்னீர்க் குளியலைத் தாங்கும். உவர்நீர் அட்டை தாங்காது. ஆனால் குளியலோடு நின்றால் பயனில்லை. முட்டைக்கூடுகள் தொட்டிச் சுவரிலும் வலையிலும் இறுக ஒட்டியிருக்கும். அவை பொரித்ததும் தொல்லை மறுபடி தொடங்கும். கடலிலிருந்து பிடித்துவரும் தாய்மீன்களைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். காலியான தொட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும்.