பாவையும் இடைச்செருகலும்

1977-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் அறிவியற் புனைவுத் திரைப்படத்தின் மாந்தரைக் கென்னர் நிறுவனம் 1978 முதல் 3¾ அங்குல அளவையொட்டிய பாவைகளாக விற்றது. அவற்றுள் ஜாவா என்னும் சிற்றுருவப் பாவைக்கு முதலில் வினைல் மேலாடையும், விரைவில் அதற்கு மாற்றாகத் துணி மேலாடையும் அமைந்தன. முன்னது அரிதாகவே, தொகுப்போரிடை அதன் விலை உயர்ந்தது. பென் கெனோபி என்னும் பெரிய பாவையின் வினைல் மேலாடையை வெட்டி ஜாவாவுக்கு அணிவித்து, முதற்படைப்பென விற்பாரும் தோன்றினர்.

தலைமாற்றியும் வண்ணந்தீட்டியும் புத்துருச் சமைப்போரும் பாவையை மாற்றுபவரே; ஆயினும் அவர் அதனைத் தம் கைவேலையென்றே கூறுவர். மாற்றுதல் குற்றமன்று, மறைத்தலே குற்றம். உரை தன்னை உரையென உணர்த்துதலும், இடைச்செருகல் தன்னை மூலமெனக் காட்டுதலும் போல்வது இவ்வேறுபாடு. மேலாடையின் நிறத்தையும் வெட்டு விளிம்பையும் ஐயமற்ற படிகளோடு ஒப்புநோக்கித் தெளியும் தொகுப்பாளர் முறை, சுவடிப் பதிப்பாசிரியர் முறையே என்பது எம் துணிபு.