ஆரியங்காவுக் கணவாயில் ஒரு நாள்

குற்றாலத்தில் நீராடுவோர் மலையைக் கண்டு மகிழ்ந்து ஊர் திரும்புவர். அம்மலைத் தொடரை ஊடுருவி ஓர் இருப்புப்பாதை செல்வதை எண்ணுவோர் சிலரே. மாணவர்களே, ஒருநாள் தென்காசியில் புகைவண்டி ஏறிப் பாருங்கள். செங்கோட்டையைத் தாண்டியதும் ஆரியங்காவுக் கணவாய் தொடங்கும்.

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடைப்பட்ட மீட்டர் பாதை 1904ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பெற்றது. அக்காலத்தில் செங்கோட்டையும் திருவிதாங்கூர் மண்ணே. சென்னை மாநிலத்துடன் அது இணைந்தது 1956இல்தான். பகவதிபுரத்தை அடுத்த நெடுங்குகையின் வாயிலில் பொறித்த சங்குமுத்திரை அவ்வரசின் சின்னமாகும்.

ஏற்றம் கடுமையானது. மீட்டர் பாதைக் காலத்தில் நீராவி எஞ்சின் மூச்சு வாங்க, பின்னால் மற்றோர் எஞ்சின் தள்ள, வண்டி மெல்ல ஊர்ந்தது. விரைவை நாடுவோர்க்கு அது தொல்லை. எனக்கோ அதுவே இன்பமாகத் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் சசெக்ஸ் நாட்டுப்புறத்தில் மூடப்பட்ட ஒரு பாதையை ஆர்வலர்கள் 1960இல் மீட்டு, நீராவி வண்டிகளை மீண்டும் ஓட்டினர். நம் மீட்டர் பாதைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 2010இல் அதனை மூடி, அகலப் பாதையாக்கி, 2018இல் திறந்தனர். ஆயினும் கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தை இடிக்கவில்லை. வலுவூட்டப்பெற்ற அதே தூண்கள்மீது அகலப் பாதை வண்டிகள் இன்று செல்கின்றன.