தெஹிவளையும் வில்பத்துவும்: விலங்கு பார்க்கப் போன குடும்பங்களின் கதை

கொழும்புக்குப் புறப்படும் வடபகுதிக் குடும்பம் ஒன்றின் பயணத்திட்டத்தில் ஒரு காலத்தில் மூன்று இடங்கள் தவறாது இடம்பெற்றன. காலிமுகத்திடல், நூதனசாலை, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை என்பனவே அவை. ஆஸ்பத்திரி அலுவலாகவோ, கடவுச்சீட்டு அலுவலாகவோ, கலியாண வீட்டுக்கென்றோ போயிருந்தாலும், பிள்ளைகள் கூட வந்திருந்தால் மிருகக்காட்சிச்சாலையைக் காட்டாமல் ஊர் திரும்புவது பெற்றோருக்கு ஒரு மனக்குறையாகவே இருந்தது.

குடும்பமாகச் சென்று விலங்குகளைப் பார்த்துவிட்டு வருவது வரலாற்று நூல்களில் இடம்பெறும் அளவுக்குப் பெரிய விடயமாகத் தோன்றாது. ஆனால் அதற்குக் கையில் கொஞ்சம் காசும் ஒரு விடுமுறை நாளும் இருந்தால் மட்டும் போதாது. புகையிரதம் ஓட வேண்டும். பாதை திறந்திருக்க வேண்டும். போகும் இடத்தில் அச்சமின்றி நிற்கவும் வேண்டும். இலங்கையில் இவை யாருக்கு எப்போது கிடைத்தன, எப்போது இல்லாமற் போயின என்று தேடிச் சென்றால், இந்த நாட்டின் கடந்த நூறு ஆண்டுகளின் கதையும் கூடவே வந்துவிடுகிறது.

விலங்குகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பது முதலில் அரசர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. வியன்னாவின் ஷோன்புறூன் அரண்மனையில் 1752 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட விலங்குத் தோட்டமே இன்றுவரை இயங்கிவருவனவற்றுள் மிகப் பழையது. பிரெஞ்சுப் புரட்சியின் பின் வேர்சாய் அரண்மனையில் எஞ்சியிருந்த விலங்குகள் பாரிஸ் தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. லண்டன் மிருகக்காட்சிச்சாலை 1828 இல் திறக்கப்பட்டபோது விலங்கியற் சங்க உறுப்பினர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்குமே அங்கு இடமிருந்தது. சாதாரண மக்கள் காசு கொடுத்து உள்ளே செல்வதற்கு 1847 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழகத்தில் இந்த மாற்றம் சென்னையில் நிகழ்ந்தது. அரசாங்க அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வேர்ட் பல்போர், கர்நாடக நவாப்பிடம் இருந்த விலங்குகளைக் கேட்டு வாங்கி அருங்காட்சியகத்திலேயே வைத்தார். அவற்றைப் பார்க்கத் திரண்ட கூட்டமே 1855 இல் சென்னை மிருகக்காட்சிச்சாலை உருவாகக் காரணமாயிற்று. பின்னர் அது சென்ட்ரல் புகையிரத நிலையத்தின் அருகே இருந்த பூங்காவுக்கு மாற்றப்பட்டு, 1985 இல் வண்டலூருக்குச் சென்றது. பாடம் செய்த விலங்குகள் இருந்த அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், உயிருள்ள விலங்குகள் இருந்த இடத்தை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் சென்னை மக்கள் அழைத்தார்கள். கிராமத்திலிருந்து பட்டணம் பார்க்க வந்த குடும்பங்கள் இரண்டு ‘காலேஜு’க்கும் போய்விட்டுத்தான் ஊர் திரும்பின.

இலங்கையின் கதை சற்று வேறுபட்டது. இங்கே மிருகக்காட்சிச்சாலை ஒரு வியாபாரியின் கொட்டிலாகத் தொடங்கியது.

ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் மீன் வியாபாரம் செய்த ஹாகென்பெக் என்பவர் 1848 இல் சில கடல்நாய்களைக் காசுக்குக் காட்டினார். அவருடைய மகன் கார்ல் ஹாகென்பெக் பிற்காலத்தில் உலகின் பெரிய விலங்கு வியாபாரிகளில் ஒருவரானார். கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக அகழிகளால் விலங்குகளைப் பிரித்துக் காட்டும் முறையை 1907 இல் தமது பூங்காவில் அறிமுகப்படுத்தியவர் அவரே. இன்றைய மிருகக்காட்சிச்சாலைகள் பலவும் அந்த வழியையே பின்பற்றுகின்றன.

ஆனால் அதே ஹாகென்பெக் மனிதரையும் காட்சிப்படுத்தினார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1870களில் வடதுருவத்தை அண்டிய பகுதி மக்களுடன் தொடங்கிய இந்த வியாபாரம், 1880களில் இலங்கையை எட்டியது. யானைகளோடு இலங்கையரும் கப்பலேற்றப்பட்டு ஐரோப்பிய நகரங்களில் கட்டணம் அறவிட்டுக் காட்டப்பட்டனர். அங்கும் பார்க்க வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு புறப்பட்டு வந்த குடும்பத்தினர்தாம். இலங்கைப் பிள்ளைகள் வரிக்குதிரையைப் பார்க்கத் தெஹிவளைக்குப் போவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, ஐரோப்பியப் பிள்ளைகள் இலங்கையரைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

கார்லின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் ஜோன் ஹாகென்பெக் இலங்கையிலேயே குடியேறியவர். தோட்டத்துரையாகவும் விலங்கு வியாபாரியாகவும் வாழ்ந்தார். முதலாம் உலகப் போரின்போது ஜேர்மனியர் என்பதால் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 1920களில் திரும்பி வந்து, ஐரோப்பாவுக்கு அனுப்பவேண்டிய விலங்குகளைத் தெஹிவளையில் தங்கவைத்தார். கப்பலுக்காகக் காத்திருந்த அந்த விலங்குகளைப் பார்க்க மக்கள் வரத் தொடங்கியதும், அது நுழைவுக்கட்டணத்துடன் கூடிய காட்சிச்சாலையாயிற்று. அதை நடத்திய கம்பனி 1936 இல் மூடப்பட, அரசாங்கம் பொறுப்பேற்றது. ஜோன் ஹாகென்பெக் 1940 இல் கொழும்பில் காலமானார்.

அரச நிறுவனமாகிய தெஹிவளையை மேஜர் ஒப்ரி வைன்மன் கட்டியெழுப்பினார். பின்னர் பணிப்பாளராக இருந்த லின் டி அல்விஸின் பெயர் இலங்கைக்கு வெளியிலும் அறியப்பட்டது. 1973 இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலையின் திட்டமிடலில் ஆலோசகராக இருந்தவர் அவரே. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்கள் பிள்ளைகளோடு சென்று வியக்கும் அந்த இடத்துக்குப் பின்னால் தெஹிவளையின் அனுபவம் இருக்கிறது. தாயை இழந்த யானைக்குட்டிகளுக்காகப் பின்னவலயில் 1975 இல் அமைக்கப்பட்ட இல்லமும் அவருடைய காலத்ததே.

காட்டின் கதைக்கு வருவோம். யால 1900 ஆம் ஆண்டிலும் வில்பத்து 1905 ஆம் ஆண்டிலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாயின. இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வேட்டையாடும் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார். சுடுவதற்கு விலங்குகள் மிஞ்சவேண்டும் என்ற கவலையே 1894 இல் அவர்களைச் சங்கம் அமைக்கச் செய்தது.

யாலவின் முதலாவது காவலரான ஹென்றி ஏங்கல்பிறெக்ட், தென்னாபிரிக்க போயர் போரில் பிடிக்கப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட கைதி. பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் அம்பாந்தோட்டையில் தங்கியவர். 1914 இல் சென்னையில் குண்டு வீசிய ஜேர்மன் கப்பலான எம்டனைத் தமிழர் அனைவரும் அறிவர். அந்தக் கப்பலுக்கு இறைச்சி வழங்கினார் என்று பழி சுமத்தி இவரைச் சிறையில் அடைத்தார்கள். அது பொய்யென்று பின்னர் தெரியவந்தது.

1937 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1938 இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அதன் பின்னரே காடு துப்பாக்கிக்காரரிடமிருந்து மெல்லமெல்லக் குடும்பங்களின் கைக்கு மாறியது. காட்டு விடுதி ஒன்றை முற்பதிவு செய்து, அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவது தென்னிலங்கை நடுத்தர வர்க்கத்தின் வழக்கமாயிற்று.

இந்த நுழைவாயில்கள் வருவதற்கு முன்பே தமிழ்க் குடும்பங்கள் யாலக் காட்டினூடாக நடந்து போய்க்கொண்டிருந்தன. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்தும் கிழக்கின் ஊர்களிலிருந்தும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோர், உகந்தை முருகனை வணங்கிவிட்டுக் குமண, யால காடுகளுக்குள் இறங்குவார்கள். முதியவர்களும் பெண்களும் பிள்ளைகளுமாகச் செல்லும் அந்தக் கூட்டம் யானையைக் கண்டால் அரோகரா என்று கூவி ஒதுங்கி நிற்கும். ஆடிவேல் விழாக் காலத்தில் அந்தக் காட்டுப்பாதை இன்றும் யாத்திரிகர்களுக்காகத் திறந்துவிடப்படுகிறது.

வடக்குக் குடும்பங்களைத் தெஹிவளைக்குக் கொண்டுவந்து சேர்த்தது 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி. காலையில் ஏறினால் பிற்பகலில் கோட்டையில் இறங்கலாம். வெள்ளவத்தையில் உறவினர் வீடு ஒன்று எல்லோருக்கும் இருந்தது. அங்கிருந்து தெஹிவளை கூப்பிடு தூரம். 1970களின் பிற்பகுதியில் எங்கள் வீட்டாரும் அப்படித்தான் போனோம். மாலையில் நடைபெறும் யானைகளின் ஆட்டத்துக்கு இடம்பிடிப்பதற்காகச் சிங்கத்தைப் பாதியில் விட்டு ஓடியது நினைவிருக்கிறது. யானையை முன்னங்காலைத் தூக்கி நிற்கப் பழக்குவதற்கு என்ன செய்திருப்பார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. பாடசாலைக் கல்விச் சுற்றுலாக்களும் இதே வழியில் வந்தன.

1983 யூலைக்குப் பின்னர் வடக்கிலிருந்து பிள்ளைகளோடு கொழும்புக்குப் போவதற்குப் பெற்றோர் அஞ்சினர். 1985 இல் வில்பத்து மூடப்பட்டது. அங்கு கடமையில் இருந்தவர்களும் அந்த ஆண்டில் கொல்லப்பட்டார்கள். 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதும் யாழ்தேவி யாழ்ப்பாணம் வருவது நின்றது. ஏ-9 வீதியும் மூடப்பட்டது.

ஆனையிறவு என்ற பெயரை எண்ணிப் பார்க்க வேண்டும். வன்னியில் பிடிக்கப்பட்ட யானைகள் அந்த நீரேரியைக் கடந்தே குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. ஒல்லாந்தர் காலத்தில் இந்திய வணிகர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து யானை வாங்கிக் கப்பலேற்றிச் சென்றார்கள். அந்த மண்ணிலேயே 1990களில் ஒரு தலைமுறை யானையையும் புகையிரதத்தையும் பாடப்புத்தகப் படங்களில் மட்டும் பார்த்து வளர்ந்தது.

2002 இன் போர்நிறுத்த உடன்படிக்கையோடு ஏ-9 திறந்தது. மறுபடியும் சுற்றுலா பஸ்கள் இரு திசையிலும் ஓடின. 2003 இல் வில்பத்துவும் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 26, நத்தார் விடுமுறையோடு பௌர்ணமியும் ஞாயிறும் கூடிய நாள். யாலவுக்கு வந்திருந்த குடும்பங்கள் பலவற்றை ஆழிப்பேரலை கடற்கரையில் வைத்தே அள்ளிச் சென்றது. அங்கு கணவரையும் இரு மகன்களையும் பெற்றோரையும் ஒரே காலையில் இழந்த பொருளியலாளர் சொனாலி தெரணியகல எழுதிய நினைவு நூல் 2013 இல் வெளிவந்து உலகெங்கும் வாசிக்கப்பட்டது.

2006 மே மாதத்தில் வில்பத்துக்குள் சென்ற வாகனம் ஒன்று கண்ணிவெடியில் சிக்கியது. இறந்தவர்களில் எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் ஒருவர். ஆனையிறவுப் பகுதியிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்படும் ஓர் இராணுவ அதிகாரியும் ஒரு தமிழ்ப் போராளிப் பெண்ணும் வில்பத்துக் காட்டினூடாக நடந்து வருவதே அவருக்குப் புகழ் தேடித்தந்த ஆங்கில நாவலின் கதை. பகைவர்களாகிய அவ்விருவருக்கும் பொதுவாக இருந்தது பறவைகளைப் பார்க்கும் ஆர்வம். அந்தக் காட்டை அப்படி நேசித்து எழுதியவர் அந்தக் காட்டிலேயே மாண்டார். பூங்கா மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த பின் 2010 இல் திறக்கப்பட்டது. யாழ்தேவி 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தது.

2015 இல் வடக்கிலேயே சுண்டிக்குளம், நெடுந்தீவு, மடு வீதி, ஆதாம் பாலம் ஆகிய நான்கு இடங்கள் தேசியப் பூங்காக்களாயின. சுண்டிக்குளத்துப் பூநாரைகளையும் நெடுந்தீவில் அந்நியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழித்தோன்றல்களையும் காட்டுவதற்கு இனிக் கொழும்புவரை போகவேண்டியதில்லை. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இடப்பெயர்விலிருந்து ஊர் திரும்பியவர்கள், தாங்கள் இல்லாத காலத்தில் காடாகிப்போன காணிகள் வர்த்தமானி மூலம் வனத்துக்குரியவையாகிவிட்டதைக் காணும்போது அந்த மகிழ்ச்சியில் எப்படிப் பங்குகொள்வார்கள்? 1990 இல் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் மன்னாரின் தெற்கே மீளக்குடியேறியபோது, வில்பத்துவை அழிக்க வந்தவர்கள் என்று பழிக்கப்பட்டதும் இதே கதையின் இன்னொரு பக்கம்.

காடு காக்கப்பட வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. 2019 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 400 இற்கும் மேற்பட்ட யானைகளும் 100 இற்கும் மேற்பட்ட மனிதரும் யானை-மனித மோதலோடு தொடர்புடைய வகையில் உயிரிழந்தனர். பட்டணத்துக் குடும்பம் கட்டணம் செலுத்திப் பார்க்கும் யானை, காட்டோரக் குடும்பத்தின் வயலுக்குள் இரவில் கேளாமலே வருகிறது. வேலி போடுவதாலோ வர்த்தமானியில் ஒரு வரி அச்சிடுவதாலோ இது தீராது. அந்த நிலத்தில் வாழ்பவர்களோடு பேசித்தான் தீர்க்கவேண்டும்.

இன்று புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து கோடை விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் ஜீப் அமர்த்தி யாலவுக்கும் வில்பத்துவுக்கும் செல்கின்றன. பிறந்த ஊரில் யானையைக் காணாமலே வளர்ந்த பெற்றோர், வேறு நாட்டில் பிறந்த தம் பிள்ளைகளோடு சேர்ந்து அதை முதன்முறையாகப் பார்க்கிறார்கள். சிறுத்தை தென்படாவிட்டால் பிள்ளைகள் சலித்துக்கொள்ளக்கூடும். அந்த ஓய்வான நேரத்தில் இந்தப் பாதை எத்தனை ஆண்டுகள் மூடிக்கிடந்தது, இதில் யார் யார் நடந்து போனார்கள், யார் திரும்பி வரவில்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லலாம். சொல்லவேண்டியவர்கள் நாம்தான்.