மருந்து சுமக்கும் சங்கிலிகள்



நோய்க்கு மருந்து கண்டறிந்தோரின் பெயர்களை நாம் அறிவோம். பாடநூல்களில் அவர்தம் படங்களும் உண்டு. அம்மருந்தை உடலினுள் உரிய இடத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்க்க உழைத்தோரை அறிந்தவர் மிகச் சிலரே. இன்று நான் சொல்லப் புகுவது அந்த இரண்டாம் வகையினரின் வரலாறு.

டாக்சோரூபிசின் என்றொரு மருந்து உண்டு. தென் இத்தாலியில் காஸ்தெல் தெல் மோந்தே என்னும் பழங்கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் வாழ்ந்தது. அதன் வழிவந்த மாற்றுவகை ஒன்றிலிருந்து 1960-களில் இம்மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். மாணிக்கம் போன்ற சிவப்பு நிறம் கொண்டது. ஆத்ரியாட்டிக் கடலின் பெயரை ஒட்டி ஆத்ரியாமைசின் என்றும் வழங்கினர். புற்றுநோய் அணுக்களின் மரபிழையினுள் நுழைந்து அவை பெருகாமல் தடுப்பதில் இதற்கு இணையான மருந்துகள் சிலவே. ஆயினும் இது சிறு மூலக்கூறு. உயிரணுக்களின் சவ்வுகளைத் தானே ஊடுருவிச் செல்லும். புற்றணு எது, நல்லணு எது என்று பார்ப்பதில்லை. இதயத் தசையும் இதற்குத் திறந்த வாயில்தான். செலுத்திய மொத்த அளவு, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 550 மில்லிகிராமைக் கடந்தால் இதயம் தளரும் அபாயம் விரைந்து ஏறுகிறது. ஆகவே மருந்து நன்கு வேலை செய்துகொண்டிருக்கும்போதே, இனிக் கொடுக்க இயலாது என்று மருத்துவர் கைவிட நேரிடும். நோய் எஞ்சியிருக்கிறது, மருந்தும் கையில் இருக்கிறது, கொடுக்கத்தான் வழியில்லை. இத்துயர நிலையிலிருந்து பிறந்ததே நம் வரலாறு.

இவ்வரலாற்றின் முதல் மனிதருக்கு மருத்துவத்தோடு தொடர்பேயில்லை. ஹெர்மன் ஸ்டாடிங்கர் என்னும் ஜெர்மானிய வேதியியலறிஞர் 1920-ஆம் ஆண்டு, சூரிக் நகரில் பேராசிரியராக இருந்தபோது, ஒரு கட்டுரை எழுதினார். ரப்பர், செல்லுலோஸ் போன்றவை சிறு மூலக்கூறுகள் ஏதோ ஓர் ஈர்ப்பால் குவிந்து கிடக்கும் கூட்டங்கள் என்பது அக்காலத்து அறிஞர் பலரின் துணிபு. அவ்வாறன்று, ஆயிரக்கணக்கான கண்ணிகள் உண்மையான வேதிப் பிணைப்பினால் கோக்கப்பெற்ற நீண்ட சங்கிலிகளே அவை என்றார் ஸ்டாடிங்கர். அத்துணைப் பெரிய மூலக்கூறு இருக்கவே இயலாது என்று பெரியோர் பலர் மறுத்தனர். 1953-இல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது எழுபத்திரண்டு. இச்சங்கிலிகளைத்தான் பாலிமர் என்கிறோம். பல்லுறுப்பி என்பது தமிழில் வழங்கும் பெயர். வகுப்பில் நான் அச்சொல்லைச் சொல்லும்போது, உறுப்பு என்றவுடன் பிள்ளைகள் கைகால்களை நினைத்துக்கொள்வர். பூச்சரத்தைக் காட்டி, ஒரே பூ மீண்டும் மீண்டும் தொடுக்கப்பெற்றது என்று விளக்கிய பின்னரே தெளிவார்கள்.

பூச்சரத்தில் இடையிடையே மருக்கொழுந்து வைத்துக் கட்டுவதில்லையா? அவ்வண்ணமே சங்கிலியில் ஆங்காங்கு மருந்தைக் கோத்தால் என்ன என்று எண்ணியவர் ஹோர்ஸ்ட் யாட்ஸ்கெவிட்ஸ் என்னும் ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரில் குருதி இழந்த வீரர்களுக்கு, இரத்தத்தின் நீர்மத்திற்கு மாற்றாகப் பாலிவினைல்பிரோலிடோன் என்னும் பாலிமரின் கரைசலைச் செலுத்தினர். அது நெடுநேரம் குருதியில் தங்குவது கண்கூடு. 1955-இல் யாட்ஸ்கெவிட்ஸ் அச்சங்கிலியில் மெஸ்கலின் என்னும் பொருளை, இரண்டு அமினோ அமிலங்களாலான ஒரு சிறு பாலத்தின் வழியே இணைத்துக் காட்டினார். பாலம் மெல்ல அறும், பொருள் மெல்ல வெளிப்படும் என்பது கருத்து. அந்நாளில் இதனைப் பொருட்படுத்தியவர் அரியர்.

வியப்பு யாதெனில், இந்தப் பாலம் எவ்விடத்தில் அறவேண்டும் என்பதற்கு விடையும் அதே 1955-இல் வெளிவந்தது. பெல்ஜியத்தின் லூவேன் நகரில் கிறிஸ்டியன் டி டூவ் என்னும் மருத்துவ ஆய்வாளர், இன்சுலின் எவ்வாறு வேலை செய்கிறது என்று அறிய எலியின் கல்லீரலை அரைத்து, சுழற்றிப் பிரித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒப்பீட்டுக்காக அளந்த ஒரு நொதி, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே இருந்தது. குளிர்பெட்டியில் ஐந்து நாள் கிடந்த அதே கலவையை மறுபடி அளந்தபோது நொதியின் அளவு பெருகியிருந்தது! கணக்குப் பிழை என்று குறிப்பேட்டை மூடிவைப்பதே எளிது. டி டூவ் அங்ஙனம் செய்யவில்லை. நொதி ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்தது, பை நைந்தபின் வெளிப்பட்டது என்று உணர்ந்து, அப்பைக்கு லைசோசோம் எனப் பெயரிட்டார். உயிரணுவின் செரிமான அறை அது. அதனுள் புளிப்பு மிகுதி. புரதங்களைத் துண்டாடும் நொதிகளும் அங்கே நிறைந்திருக்கும்.

நேயர்கள் இவ்விடத்தில் சற்று நின்று கேட்க வேண்டுகிறேன். சிறு மருந்து சவ்வை ஊடுருவும். பெரிய பாலிமர் ஊடுருவ இயலாது. அப்படியாயின் அது உயிரணுவினுள் புகுவது எங்ஙனம்? உயிரணு தன் மேற்சவ்வை உட்குழித்து, வெளியிலுள்ள நீர்மத்தைச் சிறு பையாக வளைத்து விழுங்குகிறது. எண்டோசைட்டோசிஸ் என்று 1963-இல் இதற்குப் பெயரிட்டவரும் டி டூவே. விழுங்கிய பை இறுதியில் லைசோசோமோடு சேர்கிறது. எனவே பெரிய மூலக்கூறு போய்ச்சேரும் இடம், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அந்தச் செரிமான அறையே. பெருமை என்னவெனில், இக்குறையையே வாய்ப்பாக மாற்றினர். குருதியில் அறாது, லைசோசோமின் நொதியால் மட்டும் அறுபடும் பாலத்தால் மருந்தைக் கட்டினால், மருந்து உயிரணுவின் உள்ளே சென்றபின்னரே கட்டவிழும். சங்கிலி அறையிலேயே கிடக்க, விடுபட்ட சிறு மருந்து சவ்வைக் கடந்து தன் இலக்கை நாடும்.

1975-இல் மைன்ஸ் நகரத்துப் பேராசிரியர் ஹெல்முட் ரிங்ஸ்டார்ஃப் இவ்வெண்ணங்களை ஒரே படத்தில் வரைந்து காட்டினார். நடுவே ஒரு முதுகெலும்புச் சங்கிலி. அதில் நீரில் கரையச் செய்யும் பகுதிகள். அறுபடும் பாலத்தில் தொங்கும் மருந்து. எந்த உயிரணுவை அடைய வேண்டுமோ அதனை அடையாளம் காணும் பகுதி. கட்டட வரைபடம் போன்ற எளிய படம். இத்துறையில் அதன்பின் வந்த மாணவர் அனைவரும் அதைப் பார்த்தே தொடங்கினர் எனலாம்.

வரைபடத்தை வீடாக்கிய கதை பிராகு நகரில் நடந்தது. ஆட்டோ விக்டர்லே என்னும் செக் நாட்டு அறிஞரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. கண்ணில் ஒட்டும் மென்வில்லையை 1961-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில், தம் வீட்டில், குழந்தைகளின் விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளையும் மிதிவண்டியின் டைனமோவையும் கொண்டு செய்த பொறியில் வார்த்தவர் அவர். அவர் நிறுவிய பெருமூலக்கூற்று வேதியியல் நிறுவனத்தில்தான் யிந்த்ரிக் கோப்பெச்செக் என்பார், எச்.பி.எம்.ஏ. என்று சுருங்க வழங்கும் பாலிமரை 1970-களில் உருவாக்கினார். குருதி நீர்மத்திற்கு மாற்றாக எண்ணப்பெற்ற பொருள் அது, நஞ்சில்லாதது, நீரில் நன்கு கரைவது.

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ஜான் லாய்டும் அவர் மாணவி ரூத் டங்கனும் எலிக்கருவின் மஞ்சட்கருப்பையை வளர்த்து, அதன் அணுக்கள் பாலிமரை எவ்வளவு விரைவாக விழுங்குகின்றன என்று அளந்துகொண்டிருந்தனர். அவர்கள் பயன்படுத்தியதும், கதிரியக்க அயோடின் இட்ட அதே பாலிவினைல்பிரோலிடோன்தான்! ஐரோப்பா இரு பாசறைகளாகப் பிரிந்திருந்த அக்காலத்தில் இவ்விரு குழுவினரும் கைகோத்தனர். பிராகில் சங்கிலி செய்வார்கள், கீலில் சோதிப்பார்கள். பாலத்திற்கு எத்தனை அமினோ அமிலம், எந்த வரிசை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தனர். மிகக் குறுகிய பாலம் நொதிக்கு எட்டாது. பொருந்தாத பாலம் குருதியிலேயே அறலாம், அல்லது லைசோசோமிலும் அறாமல் கிடக்கலாம். இறுதியில் கிளைசின், பீனைல்அலனின், லூசின், மீண்டும் கிளைசின் என்ற நான்கின் வரிசை நிலைத்தது. லைசோசோமிலுள்ள கெதெப்சின் பி என்னும் நொதி அதனை அறுக்கிறது. குருதியில் அது உறுதியாய் நிற்கிறது. நூற்றுக்கணக்கான பூட்டுகளுக்குச் சாவி தேடிய பொறுமை அது. பெருங்கண்டுபிடிப்பு என்று செய்தித்தாள்கள் எழுதும் தருணம் எதுவும் அதில் இல்லாததால், நம் பிள்ளைகள் அதை அறியாமலே போகின்றனர்.

மற்றொரு கட்டுப்பாடும் இருந்தது. எச்.பி.எம்.ஏ. சங்கிலி உடலில் சிதைவதில்லை. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றக்கூடிய பருமனுக்குள் இருந்தாலன்றி அது உடலிலேயே தங்கிவிடும். ஆகவே மூலக்கூற்று எடையை முப்பதாயிரத்தை ஒட்டி வைத்தார்கள். நீளமான சங்கிலி குருதியில் நெடுநேரம் சுற்றும், கட்டியில் மிகுதியாகச் சேரும் என்று தெரிந்தும் குறுக்க வேண்டியதாயிற்று. இதனை மனத்திற் கொள்ளுங்கள்.

டாக்சோரூபிசினைச் சுமந்த இச்சங்கிலிக்குப் பி.கே.1 என்று பெயர். பிராகு, கீல் என்னும் இரு ஊர்களின் முதலெழுத்துகள் அவை. 1994-இல் மனிதரிடம் சோதனை தொடங்கிற்று. முப்பத்தாறு நோயாளிகளைக் கொண்ட முதற்கட்ட முடிவுகள் 1999-இல் வெளிவந்தன. ஒரு முறைக்கு அறுபது முதல் எழுபத்தைந்து மில்லிகிராம் வரை கொடுக்கும் மருந்தை, சங்கிலியில் கட்டியபின் 320 வரை தாங்க முடிந்தது. ஒருவருக்கு மொத்தம் 1680 மில்லிகிராம் வரை சென்றும் இதயச் செயலிழப்பு எவருக்கும் தோன்றவில்லை. முன்பு சொன்ன 550 என்ற எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இத்துணை இருந்தும் பி.கே.1 மருந்துக்கடைக்கு வரவில்லை. இரண்டாங்கட்டச் சோதனையில் மார்பகம், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோயில் சிலரிடம் கட்டி சுருங்கியது. பெருங்குடல் நோயில் ஒருவரிடமும் சுருங்கவில்லை. இதயத்தைக் காத்தது; கட்டியை வெல்லும் ஆற்றல் போதவில்லை. இதனைத் தோல்வி என்று எழுதுவோர் உளர். எனக்கு உடன்பாடில்லை. செயற்கைப் பாலிமர் ஒன்று மனித உடலுக்குள் மருந்தைக் கட்டிச் சென்று, நஞ்சின் கடுமையைப் பன்மடங்கு குறைக்கும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு முன் அது வரைபடம் மட்டுமே.

கட்டியில் பெருமூலக்கூறு ஏன் சேர்கிறது என்பதற்குக் காரணம் கூறியவர் ஜப்பானின் குமமோட்டோ நகரத்து ஹிரோஷி மயேடா. அவசரமாக முளைத்த புற்றுக்கட்டியின் குருதிநாளங்களில் இடைவெளிகள் உண்டு, அவற்றின் வழியே பெருமூலக்கூறு கசியும், வடிகால் குறைவாதலால் அங்கேயே தங்கும் என்று 1986-இல் எழுதினார். அவர் குழு ஒரு புரத மருந்தோடு பாலிமரைச் சேர்த்துச் செய்த ஸ்மாங்க்ஸ், 1993-இல் கல்லீரல் புற்றுக்கு ஜப்பானில் ஒப்புதல் பெற்றது. ஆனால் எலியிடம் தெளிவாய்த் தெரியும் இக்கசிவு மனிதரிடம் ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி வேறுபடுகிறது. பத்தாண்டு கால விலங்காய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செலுத்திய நுண்துகள்களில் கட்டியைச் சேர்வது நடுமதிப்பில் 0.7 விழுக்காடே என்று 2016-இல் கனடா நாட்டு ஆய்வாளர் கணக்கிட்டனர். பால் எர்லிக் நூறாண்டுக்கு முன் சொன்ன மாயக் குண்டு என்ற உவமையை எடுத்ததற்கெல்லாம் கையாளும் பத்திரிகையாளர் இவ்வெண்ணை நினைவிற் கொள்வது நலம். நூறு கடிதத்தில் ஒன்றுகூடச் சேராத அஞ்சலை எவர் மாயம் என்பார்?

மருந்தைவிட மரபுப்பொருளைச் சுமப்பது இன்னும் கடினம். டி.என்.ஏ. எதிர்மின் ஏற்றமுடையது, ஆதலின் நேர்மின் ஏற்றமுடைய பாலிமர் அதனை உருண்டையாகச் சுருட்டும். ஆனால் லைசோசோமுக்குப் போனால் டி.என்.ஏ. செரித்துவிடும். அங்கே சேருமுன் பையை உடைத்துத் தப்ப வேண்டும். 1995-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஜான்-பால் பேர் குழுவினர் பாலிஎத்திலீனிமின் என்னும் பாலிமரைக் கொண்டு இதனைச் செய்தனர். அதன் சங்கிலியில் மூன்றாவது அணுதோறும் நைட்ரஜன். பைக்குள் புளிப்பு ஏற ஏற அது அமிலத்தைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சும். அதன் பின்னே உப்பும் நீரும் புக, பை ஊதி வெடிக்கும் என்று விளக்கினர். வெடிக்கிறதா என்பதில் இன்றும் வழக்கு உண்டு. இப்பாலிமர் உயிரணுவுக்கே நஞ்சாவதால், ஆய்வுக்கூடத்தில் பரவிய அளவுக்கு மருத்துவமனையில் இடம்பெறவில்லை. 2020-இல் வந்த ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளில் சுமப்பது கொழுப்புத் துளிகள். அத்துளிகளின் மேற்போர்வையில் மட்டும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பாலிமர் உள்ளது.

கோப்பெச்செக் பின்னர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். முப்பதாயிரம் என்ற எடைக் கட்டுப்பாட்டை மனத்திற் கொள்ளுமாறு வேண்டினேன் அல்லவா? அதற்கு அவரும் உடனுழைத்தோரும் கண்ட விடை இது: மருந்தைத் தொங்கவிட்ட அதே நான்கு அமினோ அமிலப் பாலத்தை, சங்கிலியின் முதுகெலும்பிலேயே இடையிடையே வைத்துக் கோத்தனர். இலட்சம் எடையைத் தாண்டிய நீண்ட சங்கிலி இப்போது குருதியில் நெடிது சுற்றலாம். லைசோசோமினுள் கெதெப்சின் பி மருந்தையும் விடுவிக்கிறது; சங்கிலியையும் துண்டு துண்டாக அறுக்கிறது. அத்துண்டுகள் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் அளவினவாக இருக்கின்றன. விலங்குகளிடம் முதற்சங்கிலியைவிட இது மேலாக வேலை செய்திருக்கிறது.