இந்தியப் பொருளாதாரக் கணக்கெடுப்பு

இந்தியப் பொருளாதாரக் கணக்கெடுப்பு என்பது நாட்டிலுள்ள தொழில், வணிக, சேவை நிறுவனங்களையும் அவற்றில் பணிபுரிவோரையும் எண்ணும் அரசுக் கணக்கெடுப்பு ஆகும். ஆலை, கடை, பட்டறை முதல் வீட்டிலேயே நடைபெறும் தொழில் வரை இதில் அடங்கும்.

வரலாறு

முதற் கணக்கெடுப்பு 1977ஆம் ஆண்டில் நடைபெற்றது. பின்னர் 1980, 1990, 1998, 2005 ஆகிய ஆண்டுகளிலும், ஆறாவது முறையாக 2013-14இலும் நடத்தப்பட்டது. 2019இல் தொடங்கிய ஏழாவது கணக்கெடுப்பில் தாள் படிவத்துக்குப் பதிலாகக் கைப்பேசிச் செயலி பயன்படுத்தப்பட்டது.

முறை

கணக்கெடுப்பாளர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நேரில் சென்று தொழிலின் தன்மை, உரிமை வகை, பணியாளர் எண்ணிக்கை போன்றவற்றைப் பதிவு செய்வர்.

முடிவுகள்

ஆறாவது கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 5.85 கோடி நிறுவனங்களும், அவற்றில் 13.13 கோடி பணியாளர்களும் இருந்தனர். ஏறத்தாழ 72 விழுக்காடு நிறுவனங்களில் கூலிக்கு அமர்த்தப்பட்ட நிலையான பணியாளர் எவரும் இல்லை. உரிமையாளரும் குடும்பத்தாருமே உழைத்தனர்.

வரம்புகள்

பயிர் வளர்ப்பு, பெருந்தோட்டம், பொது நிர்வாகம், பாதுகாப்பு ஆகியவை ஆறாவது கணக்கெடுப்பில் சேர்க்கப்படவில்லை. எனவே தஞ்சாவூர் மாவட்டத்தின் பூதலூர் போன்ற நெல் விளையும் ஊர்களில் அரிசி ஆலையும் உரக்கடையும் இக்கணக்கில் வரும். நாற்று நடுவோரும் கதிர் அறுப்போரும் வாரார். அவர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவாகின்றனர். ஆகவே காவிரிப் படுகையின் வேலைவாய்ப்பு நிலையை அறிய இவ்விரு கணக்குகளையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.