லயம் போன வழி, பள்ளி நின்ற இடம்

2006 டிசம்பரில் கோலாலம்பூர் அம்பாங் சாலையின் போக் மாளிகை இடிந்தபோது பாரம்பரிய ஆர்வலர்கள் பதறினார்கள். 1929இல் எழுந்த செல்வந்தர் வீடு அது. முந்தைய மாதம்தான் அதே வட்டாரத்தில், கம்போங் பெரெம்பாங் புறம்போக்குக் குடியிருப்புக்குள் புல்டோசர்கள் புகுந்திருந்தன. 2005க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத மாநிலம் என்று சிலாங்கூர் அரசு வைத்த கெடு அப்போதே தாண்டியிருந்தது.

பெரெம்பாங் பெரும்பாலும் மலாய்க்காரர்கள் வாழ்ந்த கம்பம். ஆனால் வீடு போனால் பிள்ளையின் படிப்பு என்னாகும் என்ற கவலை, கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கு அதைவிடப் பழையது.

ரப்பர் தோட்டத்தில் வேலைக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் முதலாளி ஒருவரே. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல இடங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகைதான். கிராணியோ கங்காணியோ வாத்தியார். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில், மூத்தவன் பள்ளியில், அம்மா பால்மரக் காட்டில் என எல்லாம் நடந்துபோகும் தூரம். படித்தவன் தோட்டத்தைவிட்டு வெளியேறிவிடுவானோ என்ற கவலை தோட்டத் துரைக்கு வரத் தேவையில்லாத அளவுக்குத்தான் பாடமும் இருந்தது.

வேலை போனால், தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயமும் போகும். ஐம்பதுகளில் பெருந்தோட்டங்களைப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடல் பலரைப் பெயர்த்தது. பின்னர் நகரமே தோட்டங்களை விழுங்கியது. சீபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயா வளர்ந்தது, எஃபிங்கம் தோட்டத்தில் பண்டார் உத்தாமா. எஃபிங்கம் தமிழ்ப்பள்ளி இன்றும் தோட்டத்தின் பெயரோடு அங்கேயே நிற்கிறது. சுற்றிலும் வீட்டு விலை ஏறிய ஊரில் பால்வெட்டுக்காரர் பிள்ளைகளுக்கு இடமேது? அவர்கள் புறம்போக்குக்கும், அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடிக்கும் போனார்கள். 1957இல் ஏறத்தாழ 890 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று சுமார் 530தான். மிஞ்சியவற்றிலும் பல, பிள்ளைகள் குடிபெயர்ந்து போன இடங்களில் இல்லை.

அடுக்குமாடிக்கு அருகே பெரும்பாலும் மலாய்வழித் தேசியப் பள்ளி இருக்கும். தமிழ்ப்பள்ளிக்கோ பஸ் பிடிக்க வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் எந்தப் பள்ளி என்பதை மொழிப்பற்றைவிட மாதாந்திர பஸ் கட்டணமே தீர்மானிப்பதில் வியப்பில்லை.

2018இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் உள்ள இத்தகைய 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் எல்லா இனத்துப் பிள்ளைகளையும் பார்த்தது. 7 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பள்ளிக்குப் போனார்கள். 5, 6 வயதுக்காரர்களில் பாலர் பள்ளியை எட்டியவர்கள் பாதிப்பேரே.